மாமா திருத்தாமல் விட்ட பக்கம்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். மறதியும் சேர்ந்துவிட்டது. நினைவு மலருக்காகப் பழைய ஆள் யாரையாவது பற்றி எழுதித் தாருங்கள் என்று நீங்கள் மறுபடி மறுபடி ஆள் அனுப்புகிறீர்கள். வருகிற பிள்ளையிடம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயரைப் போட வேண்டாம். அவர் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. அவர் பேரன்மார் இங்கேதான் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள். எங்களுக்கு அவர் மாமா. அம்மாவின் கூடப் பிறந்த தம்பி.

பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஆரியசாலையில் அப்பாவுக்கு மிளகு, சுக்கு மண்டி. முன்னால் மண்டி, பின்னால் வீடு. திருநெல்வேலியிலிருந்து மாமா தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று மிளகுத் தூசியில் தும்மிக்கொண்டே உள்ளே வந்தது நினைவிருக்கிறது. சித்திரம் படிக்க வந்தார். கோட்டைக்கு வெளியே அப்போது ஒரு சித்திரக் காலேஜ் இருந்தது. தெருவில் எல்லோரும் அதைப் படம் வரைகிற பள்ளிக்கூடம் என்பார்கள். மாமா மட்டும் காலேஜ் என்பார், அதையும் மெதுவாகத்தான் சொல்வார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. கைவிரல்கள் நீளமாக, பெண்பிள்ளை விரல் மாதிரி இருக்கும். கோபமே வராது. பழவங்காடி வழியாக வந்தால் எனக்குக் கடலை மிட்டாய் வாங்காமல் வரமாட்டார்.

அவருக்கு ஒரு பழக்கம். எதையும் முழுதாகச் சரி பண்ணமாட்டார்.

அப்பாவின் கல்லாவுக்கு மேலே எங்கள் தாத்தாவின் படம் மாட்டியிருந்தது. எண்ணெய்ச் சாயத்தில் யாரோ வரைந்தது. சாம்பிராணிப் புகை ஏறி ஏறி, தாத்தா இருட்டில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டார். மாமா வந்த புதிதில் ஒரு நாள் அதைக் கழற்றி, உருளைக்கிழங்கை இரண்டாக அறுத்து, அறுத்த பக்கத்தால் மெல்லத் தேய்த்துத் தேய்த்து அழுக்கை எடுத்தார். ஒரு பக்கத்து மீசை பளிச்சென்று வந்தது. காதுக் கடுக்கன்கூட வந்தது. மூக்குத்தண்டு வரைக்கும் வந்ததும் நிறுத்திவிட்டு, படத்தைத் திரும்ப மாட்டிவிட்டார். அப்பா, மீதியையும் முடித்துவிடு மாப்பிள்ளை என்றார். மாமா சிரித்துக்கொண்டே, "முழுசையும் தொடச்சிட்டா நான் தொடச்சேன்னு யாருக்குத் தெரியும் அத்தான்?" என்றார்.

விளையாட்டு என்றுதான் நினைத்தோம். படம் அப்படியே இருந்தது. சரக்கு எடுக்க வருகிறவர்கள், அண்ணாச்சி, உங்க அப்பாவுக்கு வெண்குட்டமா என்று கேட்பார்கள். அப்பா ஒரு தடவை தானே ஈரத்துணி வைத்துத் துடைக்கப் போய், சாயம் உரிந்து வந்துவிட்டது. அதற்குப் பிறகு தொடவில்லை.

என்னையும் ஒரு தடவை அப்படிச் செய்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். அம்மா எனக்குத் தலை பின்னுவது ஒழுங்காக இல்லை என்று சொல்லி என்னை உட்கார வைத்து, நேர் வகிடு எடுத்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் எண்ணெய் வைத்து வழித்து வாரிப் பின்னினார். அவ்வளவு அழகாக எனக்கு யாரும் பின்னிவிட்டதில்லை. மற்றப் பக்கம் அம்மா பின்னியதை அப்படியே விட்டு, என் கையைப் பிடித்து மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லோருக்கும் காட்டினார். மூட்டை தைக்கிறவர்கள், புடைக்கிற பெண்கள், எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், கொஞ்ச நேரம்.

காலேஜில் முதல் வருஷம் பூராவும் சுண்ணாம்பில் வார்த்த கை, கால், மூக்கு இவற்றைப் பார்த்து வரைவதுதான் பாடமாம். வலியசாலையிலிருந்து ஓர் ஐயர் வீட்டுப் பையன் அவரோடு படித்தான், எங்கள் வீட்டுக்கும் வருவான். அவன் வரைந்த கையில் மூன்று விரலை மட்டும் மாமா அழித்துத் திருத்திவிட்டார். வாத்தியார் வருகிற நேரம் பார்த்துச் செய்தாராம். அந்தப் பையன், "நன்னாத்தான் இருக்கு ஓய், மிச்சம் ரெண்டையும் போட்டுடுமேன்" என்று கெஞ்சியிருக்கிறான். இவர் போடவில்லை. ஒரே கையில் மூன்று விரல் உயிரோடும் இரண்டு விரல் கட்டை மாதிரியும் இருந்ததைப் பார்த்து வகுப்பே சிரித்திருக்கிறது. அந்தப் பையன் படிப்பை விட்டுவிட்டுத் தபால் ஆபீசில் சேர்ந்துவிட்டான். மாமா இதை ஒரு குறையாகவே சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், ரசம் நன்றாக இருக்கிறது என்பது மாதிரி.

அவரைப் பயப்படாமல் கேலி செய்கிறவள் அக்கா ஒருத்திதான். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவளுக்குப் பதினோரு வயதில் அம்மை வார்த்தது. உயிர் பிழைத்ததே பெரிசு என்பார்கள். முகம் முழுக்க, இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும், மூக்கு நுனியிலும் தழும்பு. அம்மை வருவதற்கு முன்னால் அக்காவை மாமாவுக்குத்தான் என்று ஒரு பேச்சு இருந்தது. பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மாமா எங்கள் வீட்டிலேயே இருந்து, அவள் கையால் பரிமாறித்தான் சாப்பிட்டார். அவர் முகத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இருக்காது.

அக்கா முகத்தை மறைத்து நான் பார்த்ததில்லை. மண்டியில் புடைக்கிற பெண்களோடு உட்கார்ந்து கதை பேசுவாள். அவள் சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். வெள்ளிக்கிழமை பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க என்னைக் கூட்டிக்கொண்டு போவாள், எவ்வளவு கூட்டமானாலும் தோளால் இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றுவிடுவாள். யாராவது குழந்தை அவள் முகத்தையே வெறித்துப் பார்த்தால், என்ன, எண்ணி முடிச்சிட்டியா என்பாள்.

மாமாவுக்கு ஊரில் பெண் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று அவர் எதிரிலேயே சொன்னாள்: "ஏட்டி, மாமா தாலி கட்டும்போது பாரு, ஒண்ணரை முடிச்சு போட்டுட்டு விட்டுருவாரு. வித்தியாசம் தெரியணும்லா."

மாமாவும் கூடச் சிரித்தார்.

அக்காவுக்கும் ஓர் இடம் வந்தது. பையன் ஆலப்புழையில் ஒரு கயிற்றுக் கம்பெனியில் குமாஸ்தா. சொந்த ஊர் கோட்டாறு. அப்பா ஒன்றையும் மறைக்கவில்லை, பிள்ளைக்கு அம்மைத் தழும்பு உண்டு என்று முதலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். பையனின் அம்மா வந்து பார்த்தாள். அவள் முகத்திலும் தழும்பு. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "எம் மூஞ்சியிலயும் ஆத்தா கோலம் போட்டுட்டுத்தான் போயிருக்கா. இதுல என்ன இருக்கு" என்றாள். பையனுக்கு லீவு கிடைக்கவில்லை, ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டார்கள்.

எங்கள் தெருவில் அதுவரை கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண்ணைப் படம் எடுத்து வெளியூருக்கு அனுப்பியதில்லை. அப்பா தயங்கினார். மாமா அப்போது கடைசி வருஷம். அந்த வருஷம்தான் போட்டோப் படிப்பு. தானே எடுத்துத் தருகிறேன், வெளி ஆள் கைக்குப் போகாது என்றார். உள்ளது உள்ளபடி எடு மாப்பிள்ளை என்று அப்பா சொன்னார். சரி என்றார்.

அம்மாவும் அக்காவும் நானும் வில்வண்டியில் காலேஜுக்குப் போனோம். மாடி அறையில் கூரையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்குத் திரை போட்டு வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்தார்கள். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, தலை அசையாமல் இருக்கப் பிடரியில் ஓர் இரும்புக் கவை கொடுத்தார்கள். மூச்சை அடக்கச் சொன்னார் மாமா. முதல் படம் முன்வெளிச்சத்தில் எடுத்தார். பிறகு திரையை இழுத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழுகிற மாதிரி செய்து இன்னொன்று எடுத்தார். இது எதுக்கு தம்பி என்று அம்மா கேட்டாள். "இது எனக்கு அக்கா, பழகுறதுக்கு" என்றார்.

முதல் படம் ஆலப்புழைக்குப் போயிற்று. அனுப்புவதற்கு முன்னால் அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். பரவாயில்லையே, மூக்கு நல்லாத்தான் இருக்கு என்றாள். பையன் அதைப் பிரேம் போட்டு வைத்திருக்கிறான் என்று அவன் அம்மா சொல்லியனுப்பினாள். நிச்சயமாயிற்று. தை மாதம் கல்யாணம். அவர்கள் வைத்த அரக்குப் பட்டுச் சேலையை அக்கா தினம் ஒரு தடவை பெட்டியிலிருந்து எடுத்துப் பார்ப்பாள்.

இரண்டாவது படத்தின் பிளேட்டை மாமா வீட்டுக்குக் கொண்டு வந்தார். மச்சில் ஜன்னல் ஓரமாக, சாய்ந்த பலகையில் அந்தக் கண்ணாடிப் பிளேட்டை வைத்து, கீழே முகம் பார்க்கிற கண்ணாடியைப் போட்டு வெளிச்சத்தை மேலே அனுப்புவார். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கிக்கொள்வார். பிளேட்டில் எல்லாம் தலைகீழ். முடி வெள்ளை, பல் கறுப்பு. தழும்புக் குழிகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். அந்தப் புள்ளிக்குள் பென்சிலைத் தொட்டுத் தொட்டு நிரப்பினால், அச்சுப் போடும்போது குழி இருக்காது. பல நாள் அப்படிக் குனிந்தே இருந்தார். ஒரு பக்கம்தானே மாமா பண்ணுறீங்க என்று கேட்டேன். "ஆமாட்டி. மத்தது அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

மார்கழியில் காலேஜில் கண்காட்சி. ஒரு நாள் மாமா சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, தன் வேலைக்கு முதல் பரிசு என்றும், அக்கா படத்தைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா மண்டியை அடைத்தார். அக்கா அந்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னாடி கட்டலாமா என்று அம்மா கேட்டாள். படத்துக்குப் பக்கத்துல நிக்கணும்லா அம்மா என்றாள்.

உள்ளே நல்ல கூட்டம். படம் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும், அவ்வளவு பெரிது.

ஒரு பக்கம் வழவழவென்று, வெண்ணெயில் பிடித்த மாதிரி இருந்தது. அந்தக் கண் எவ்வளவு பெரிய கண் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மறுபக்கம், பக்கவெளிச்சத்தில் ஒவ்வொரு குழியும் தனித்தனியாக எழுந்து நின்றது. நேரில் பார்த்தால் அப்படித் தெரியாது. நேரில் பேச்சும் சிரிப்பும் கூட இருக்கும் இல்லையா. நடுவில் மூக்குத்தண்டில் கோடு கிழித்த மாதிரி இரண்டும் சந்தித்தன.

அக்கா படத்துக்கு நேர் முன்னால் போய் நின்றாள். அந்தப் பக்கம் நின்றிருந்த ஒரு பெண்பிள்ளை படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அய்யோ, ஈ குட்டி தன்னே" என்று மலையாளத்தில் சொன்னாள், இந்தப் பெண்ணேதான் என்று. எல்லோரும் திரும்பினார்கள்.

அக்கா முந்தானையை இழுத்துக்கொண்டு வெளியே வரப் பார்த்தாள். அதற்குள் மாமா வந்துவிட்டார். கூட யாரோ பெரிய மனுஷர்கள், கோட்டுப் போட்டவர்கள். மாமா எங்களைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். அக்காவின் மோவாயைத் தன் நீள விரலால் பிடித்து, "கொஞ்சம் ஜன்னல் பக்கமா திரும்பு. அசையாதே" என்று முகத்தைத் திருப்பினார். பிறகு அவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லி, படத்தில் ஓர் இடம், அவள் கன்னத்தில் அதே இடம் என்று மாற்றி மாற்றிக் காட்டினார். அவர்கள் குனிந்து பார்த்தார்கள். அக்கா அசையவே இல்லை. அந்த இரும்புக் கவை பிடரியில் இல்லாத குறைதான். அப்பா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அந்தப் பக்கம் திரும்பினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது வாசல் பக்கம் நின்ற ஒரு பெரியவரையும் அவரோடு இருந்த பையனையும்.

தனக்கு நிச்சயித்த பெண்ணின் படம் கண்காட்சியில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஆலப்புழையிலிருந்து ஆசையோடு வந்திருக்கிறான் அந்தப் பையன், பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு. அவன் படத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். திரும்பப் படத்தைப் பார்த்தான். அப்பா கிட்டே போவதற்குள் அவர்கள் படியிறங்கிவிட்டார்கள். அக்கா அவனை முதல் தடவை பார்த்ததும் கடைசியாகப் பார்த்ததும் அதுதான்.

அடுத்த வாரம் பெரியப்பா மட்டும் மண்டிக்கு வந்தார். நானும் அக்காவும் கதவுக்குப் பின்னால் நின்றோம். அவர் நல்ல மனுஷர், சொல்லவே கஷ்டப்பட்டார்.

"அண்ணாச்சி, எங்களைத் தப்பா நினைக்கக் கூடாது. நீங்க அனுப்புன படத்துல அவனுக்கு ஒரு குறையும் தெரியலை. தலைமாட்டுலதான் வச்சிருந்தான். இப்பம் அந்த நல்ல பக்கத்தைக் கண்டுட்டான். அதைப் பாத்த கண்ணால இதை எப்படிப் பெரியப்பா பாக்கன்னு கேக்கான். நான் என்ன சொல்ல, சொல்லுங்க."

அப்பா உள்ளே திரும்பி, மோர் கொடுக்கச் சொன்னார். அக்காதான் கொண்டு போய் வைத்தாள், முகத்தை நன்றாக மூடிக்கொண்டு.

சாயங்காலம் மாமா வந்ததும் அம்மா அழுதுகொண்டே பெரியப்பா சொன்னதைச் சொன்னாள். தாயில்லாத பிள்ளை என்று அவரைத் தோளில் போட்டு வளர்த்தவள் அவள். மாமா கவனமாகக் கேட்டார். அந்தப் பையன் சொன்னதைத் திரும்ப ஒரு தடவை சொல்லச் சொன்னார். "அப்படியா சொன்னான்?" என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம். "நல்லாப் பாத்திருக்கான் அக்கா. வாத்தியார்கூட அவ்வளவு பாக்கலை."

அப்பா சாப்பாட்டுப் பலகையை விட்டு எழுந்து போய்விட்டார். அம்மா மாமாவுக்குச் சோறு போட்டாள். எனக்கு அது மட்டும் இன்றைக்கும் விளங்கவில்லை.

படிப்பு முடிந்து மாமா பழவங்காடியில், பிள்ளையார் கோயிலுக்குப் போகிற வழியிலேயே ஸ்டூடியோ வைத்தார். அக்காவின் படத்தைக் கடை முகப்பில், கண்ணாடிக்குப் பின்னால் மாட்டினார். பெயர்ப்பலகைகூட அதற்கு அடுத்தபடிதான். தேங்காய் உடைக்க வருகிறவர்கள், பத்மநாபசுவாமியைக் கும்பிட வருகிற வெளியூர்க்காரர்கள், எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். தழும்பு உள்ள பெண்கள், மாறுகண் உள்ள பெண்கள், பல் எடுப்பான பெண்கள், எல்லோரையும் தாய்மார்கள் அவரிடம்தான் கூட்டி வந்தார்கள். அவர் அவர்களுக்கெல்லாம் முழு முகத்தையும் திருத்திக் கொடுத்தார். நல்ல பெயர். ஊரில் பெண் எடுத்துக் கல்யாணம் செய்துகொண்டார், மூன்று முடிச்சும் போட்டார்.

அக்கா பிள்ளையார் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டாள். கோட்டைப் பக்கம் எங்காவது போக வேண்டியிருந்தால் சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டு போவாள். அதன் பிறகு வந்த இரண்டு இடமும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போன இடம்தான். அப்புறம் வரவில்லை. மண்டிக்குள் உட்கார்ந்து புடைக்கிற பெண்களோடு பேசுவாள், ஆனால் சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்கும் கன்னத்துக்கும் போய்விடும்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம். அழைக்க வேண்டும் என்று மாமா கடைக்கு அக்காவும் நானும் போனோம், பின்வாசல் வழியாக. பாக்கு வெற்றிலை வைத்த பிறகு அக்கா அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் மாமா என்று கேட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். மாமா கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை.

"எடுத்திரலாம்ட்டி. அதுக்கென்ன. ஆனா அந்த இடம் சும்மா கிடக்கப்பிடாதுல்லா, வேற ஒண்ணு வேணும்." கொஞ்சம் யோசித்தார். "உங்க மண்டியில புடைக்க வாராளே, அவ மகளுக்கு அம்மை வாத்திருந்துதே. அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வா. நீ சொன்னா வருவா. அன்னைக்கே உன் படத்தைக் கழட்டிருதேன்."

அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. அம்மையிலிருந்து எழுந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மண்டியில் சாக்குமேல் ஏறிக் குதித்துக்கொண்டு, சத்தமாகப் பாடிக்கொண்டு திரியும். தன் முகத்தில் என்ன இருக்கிறது என்று அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

அக்கா வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, திரும்பத் தள்ளி வைத்தாள். உள்ளே யாரோ பிளேட் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சரி என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்கு ஒரு பயம். சொன்னால்தான் என்ன என்றும் ஒரு நினைப்பு வந்தது.

"வேண்டாம் மாமா. என்னுதே இருக்கட்டும்" என்றாள்.

"உன் இஷ்டம்" என்றார் மாமா. எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிவர ஆள் அனுப்பினார்.

மாமா இருந்தவரைக்கும் படம் அங்கேயே இருந்தது. வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகிப் போயிற்று என்று சொன்னார்கள். அக்கா அவருக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

மலர் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதியதில் தப்பு இருக்கும். அந்தக் கடை கோயிலிலிருந்து கோட்டைப் பக்கம் போகும்போது இந்த வரிசையா, எதிர் வரிசையா என்று பழைய ஆட்கள் யாரிடமாவது விசாரித்துப் போடுங்கள். படத்தில் திருத்திய பக்கம் எது என்றும் கேளுங்கள். அக்காவுக்கு இரண்டு கன்னத்திலும் தழும்பு உண்டு, அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் நான். ஆனால் இப்போது அவளை நினைத்தால் எனக்கும் ஒரு கன்னம் வழவழப்பாகத்தான் வருகிறது. அது வலதா, இடதா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.